மூச்சைப் பிடிக்கும் மலைகள்

"வரலாற்றுக்காரர் நீங்க, ஏதாவது எழுதிக் கொடுங்க சார். ஆனா வகுப்பு மட்டும் எடுத்துடாதீங்க" என்று மலர்க் குழுவினர் அன்போடு எச்சரித்துத்தான் கட்டுரை கேட்டார்கள். நம் கல்லூரியின் பழம்பெருமைகளை எழுத என்னைவிட நினைவாற்றல் மிக்கவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகவே வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. எங்கள் 1974–77 அணியின் ஐம்பதாம் ஆண்டுச் சந்திப்பை லடாக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு ஓடுகிறது. இப்போது படிக்கும் பிள்ளைகள் சிலரும் மோட்டார் சைக்கிளில் லே வரை போகப் போவதாகக் கேள்வி. எழுபதைத் தொட்டவர்களும் இருபதைத் தொட்டவர்களும் ஒரே ஊருக்கு மூட்டை கட்டும்போது, அந்த ஊருக்கு முன்பு போனவர்களின் உடம்பு என்ன பாடுபட்டது என்ற சரித்திரத்தைச் சொல்லிவைப்பது என் கடமை என்று தோன்றியது.

லடாக்கின் வடகோடியில், காரகோரம் கணவாய்க்குப் பக்கத்தில், தௌலத் பேக் ஓல்டி என்று ஓர் இடம் இருக்கிறது. உயரம் ஐயாயிரம் மீட்டருக்கு மேல். மரம் கிடையாது, ஊர் கிடையாது. நம் ராணுவத்தின் காவல் நிலையமும் ஒரு விமான ஓடுதளமும் உண்டு. துருக்கிய மொழியில் அந்தப் பெயருக்கு "பெரிய செல்வந்தர் இறந்த இடம்" என்று பொருள். யார் அந்தச் செல்வந்தர்? யார்க்கண்ட், காஷ்கர் பகுதிகளை ஆண்ட சுல்தான் சயீத் கான்தான் என்றொரு கருத்து உண்டு. அவர் 1532-ல் லடாக்கின் மீதும் திபெத்தின் மீதும் படையெடுத்து வந்தவர். வரும் வழியிலேயே அவருக்கு மூச்சு முட்டி, சாகக் கிடந்து, தாழ்வான நுப்ரா பள்ளத்தாக்குக்குக் கொண்டுவரப்பட்ட பிறகுதான் தேறினார். அடுத்த ஆண்டு ஜூலையில் அதே மலைகளின் வழியாக ஊர் திரும்பும்போது அதே நோய் மறுபடி பிடித்தது. இந்த முறை தேறவில்லை.

அந்தப் படையில் தளபதியாக இருந்தவர் மிர்சா ஹைதர் துக்லத். முகலாயப் பேரரசர் பாபருக்குச் சிற்றன்னை மகன். இவர் பாரசீக மொழியில் எழுதிய 'தாரீக்-இ-ரஷீதி' என்னும் வரலாற்று நூலில் இந்த நோய்க்கு ஒரு பெயர் தருகிறார்: தம்கீரி. தம் என்றால் மூச்சு, கீரி என்றால் பிடித்தல். மூச்சுப்பிடிப்பு என்று சொல்லலாம். அவர் தரும் அடையாளங்களைப் படித்தால் இன்றைய மருத்துவர்களே அசந்துபோவார்கள். பலம் போய்விடும், தூக்கம் வராது, கண்ணயர்ந்தால் மூச்சடைத்துத் திடுக்கிட்டு விழிப்பு வரும், புத்தி தடுமாறிப் பிதற்றல் வரும், கை கால் வீங்கும்; அந்தக் கட்டம் வந்துவிட்டால் விடியலுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவிலேயே உயிர் போவதும் உண்டு என்கிறார். அந்நியர்களைத்தான் பிடிக்கும், அந்த நாட்டு மக்களை அண்டாது; மனிதரை மட்டுமல்லாமல் குதிரைகளையும் பிடிக்கும் என்றும் எழுதியிருக்கிறார். மிக முக்கியமானது இன்னொன்று. விதி முடிவதற்குள் நோயாளி ஒரு கிராமத்தையோ கோட்டையையோ போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளக்கூடும், இல்லாவிட்டால் சாவு நிச்சயம் என்கிறார். அந்தப் பகுதியில் கிராமமும் கோட்டையும் இருப்பது பள்ளத்தாக்கில். ஆக, "கீழே இறக்கு" என்ற மருத்துவத்தை இவர் கிட்டத்தட்ட ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். அது மருந்து என்று அவருக்குத்தான் தெரியாது.

இவருக்கும் முன்னால் சீனர்கள் இருக்கிறார்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் து சின் என்ற ஹான் அரசு அதிகாரி, காஷ்மீரத் திசை நாடுகளுக்குத் தூதர்களை அனுப்புவது வீண் வேலை என்று வாதாடும்போது, வழியில் பெரிய தலைவலி மலை, சிறிய தலைவலி மலை என இரண்டு இருப்பதாகச் சொல்கிறார். அங்கே போனால் உடம்பு கொதிக்கும், முகம் வெளுக்கும், தலை வலித்து வாந்தி வரும், கழுதைக்கும் மாட்டுக்கும்கூட அப்படித்தான் என்று பயமுறுத்துகிறார். திபெத்திய, லடாக்கிய மக்கள் இதை 'லா டுக்' என்றார்கள். லா என்றால் கணவாய், டுக் என்றால் விஷம். கணவாயில் வளரும் ஏதோ செடியின் வாடைதான் இதைச் செய்கிறது என்று நம்பினார்கள். 1889-ல் லடாக் வந்த இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலப் பயண எழுத்தாளரும் இந்தக் கணவாய் விஷத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்.

தமிழில் மட்டும் இதற்குப் பெயர் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னாட்டிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். இந்த நோய் தலைகாட்டத் தொடங்குவதே பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான். கொடைக்கானல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கிக்கொண்டு வாந்தி எடுப்போமே, அது வளைவுகளால் வருவது. இதற்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் இமயத்தில் உடம்பு கைவிடுவதைப் பற்றி நம்மிடம் கதையே இல்லை என்று சொல்ல முடியாது. திருக்கயிலை காணப் புறப்பட்ட நாவுக்கரசர், கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்து, பிறகு மார்பால் ஊர்ந்து, உடம்பெல்லாம் தேய்ந்து கிடந்தார் என்கிறது பெரியபுராணம். திரும்பிப் போ என்று முனிவர் வடிவில் வந்த இறைவனே சொல்கிறார். அப்பர் மறுத்துவிடுகிறார். பிறகு ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி காண்கிறார். பக்தியின் உச்சியைச் சொல்லும் இடம் அது; அதில் நான் நோய்க்குறி தேடவில்லை. இன்று கயிலைக்குப் போகிறவர்களுக்கும் திருவையாற்றில் எழும் வசதி இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

நிற்க. சுல்தான் செத்துப்போன அதே வழியில் நூற்றாண்டுக் கணக்காக வணிகக் கூட்டங்கள் பஷ்மினாக் கம்பளியும் தேயிலையும் சுமந்து போய் வந்துகொண்டுதானே இருந்தன, அவர்கள் எப்படித் தாங்கினார்கள் என்று கேட்பீர்கள். தாங்க முடியாமல் போனவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலோரைக் காப்பாற்றியது மெதுவான நடைதான். ஸ்ரீநகரிலிருந்து லேக்கு நடந்தும் மட்டக்குதிரையிலும் வர ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். அந்த இரண்டு வாரத்தில் உடம்பு தன்னைத் தயார் செய்துகொண்டுவிடும். மூச்சு ஆழமாகும், சிறுநீரகம் ரத்தத்தின் காரத்தன்மையைச் சரிக்கட்டும், நாள் செல்லச் செல்ல ரத்தச் சிவப்பணுக்கள் பெருகும். அந்தக் காலத்து லேயில் பயணிகளுக்குப் பெரிய பயம் அம்மையும் காய்ச்சலும்தான். மொரேவியச் சபையார் 1885-ல் லேயில் நிலையம் தொடங்கி மருத்துவமனையும் நடத்தினார்கள். அங்கே வேலை பார்த்த ஜெர்மன் டாக்டரின் பெயரைச் சொன்னால் நம் பொருளாதாரத் துறை நண்பர்கள் துள்ளிக் குதிப்பார்கள்: கார்ல் மார்க்ஸ்! தாடிக்காரர் இல்லை, வேறொருவர். இவர் 1891-ல் நோயாளிகளைப் பார்க்கப்போய் டைஃபஸ் காய்ச்சலுக்கே பலியானார்.

அதே 1891-ல் ஐரோப்பாவின் மோன் பிளான் மலையில் இன்னொரு மருத்துவர் இறந்தார். ஜாக்கொத்தே என்ற இளைஞர். ஒரு மீட்பு வேலைக்காக மேலே ஏறியவர், உயரம் உடம்பை என்ன செய்கிறது என்று தன்னிலேயே பார்க்கலாம் என்று 4,300 மீட்டரில் தங்கிவிட்டார். சில நாளில் மூச்சு முட்டிப் போய்விட்டார். பிணத்தை அறுத்துப் பார்த்தபோது நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அதை மார்ச்சளி, நிமோனியா என்று எழுதி முடித்துவிட்டார்கள். இந்த ஒரு தவறு எழுபது வருஷம் ஓடியது.

இத்தனைக்கும் அடிப்படை விஞ்ஞானம் அப்போதே தெரியும். 1878-ல் பால் பெர் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் தமது பெரிய நூலில் தெளிவாகவே நிறுவினார்: உயரத்தில் காற்றில் பிராணவாயுவின் விகிதம் மாறுவதில்லை, அங்கேயும் நூற்றுக்கு இருபத்தொன்றுதான்; குறைவது அழுத்தம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்று நம் பௌதிக ஆசிரியர்கள் உருப்போட வைத்தார்களே, அது 3,500 மீட்டர் உயரமுள்ள லேயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆகிவிடுகிறது. கர்துங் லா கணவாயில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேல். (அந்தக் கணவாயில் 18,380 அடி என்று வெகுகாலம் ஒரு பலகை இருந்தது. அளந்து பார்த்தவர்கள் 17,582 அடி என்றார்கள். எண்ணூறு அடியைப் பலகை ஏற்றிவிட்டது. நம் நுரையீரலைப் பலகை ஏமாற்ற முடியாது.)

1913-ல் சிலி நாட்டுச் சுரங்கமொன்றில் வேலை பார்த்த ராவன்ஹில் என்ற ஆங்கில மருத்துவர் இந்த நோயை மூன்றாகப் பிரித்து எழுதினார். சாதாரணமாக வந்து போவது ஒன்று. நெஞ்சைத் தாக்குவது ஒன்று. மூளையைத் தாக்குவது ஒன்று. இன்று புத்தகங்களில் இருக்கும் பிரிவினையும் ஏறத்தாழ இதுதான். அவரிடம் வந்த நோயாளிகள் கடற்கரையில் ரயில் ஏறி இரண்டே நாளில் நாலாயிரம் மீட்டருக்கு மேல் வந்து இறங்கியவர்கள். அவர் கட்டுரையை உலகம் மறந்தே போனது. ஆனால் இதில்தான் என் கட்டுரையின் முடிச்சே இருக்கிறது. மலை பழசு, காற்றும் பழசு. இந்த நோயைக் கூட்டம் கூட்டமாக உண்டாக்கியது வேகம்.

லடாக்குக்கு அந்த வேகம் வந்த தேதியைச் சொல்லலாம்: 1948 மே 24. பாகிஸ்தான் படையெடுப்பால் லே ஆபத்திலிருந்தபோது, சோனம் நோர்பு என்ற லடாக்கியப் பொறியாளர் உள்ளூர் மக்களை வைத்துச் சில வாரங்களில் ஒரு மண் ஓடுதளம் போட்டுக் கொடுத்தார். ஏர் கமடோர் மெஹர் சிங் ஒரு டகோட்டா விமானத்தை மலைகளுக்கு மேல் ஓட்டிவந்து அதில் இறக்கினார். கூடவே வந்தவர் ஜெனரல் திம்மையா. அந்த விமானம் லேயைக் காப்பாற்றியது. அதே விமானம் இரண்டு வார நடையை ஒரு காலைப்பொழுதாகச் சுருக்கியது.

இதற்கான விலை 1962-ல் தெரிந்தது. சீனப் போரில் சமவெளிப் பட்டாளங்களை அவசர அவசரமாக மேலே ஏற்றினார்கள். துப்பாக்கிக் குண்டு படாமலே பையன்கள் விழுந்தார்கள். கபடி ஆடக்கூடிய திடகாத்திரமான சிப்பாய், வந்த இரண்டாம் நாள் இரவு இரும ஆரம்பிப்பான். விடிவதற்குள் நுரை கலந்த சளி, நீலம் பாரித்த உதடு. ராணுவ மருத்துவர்கள் முதலில் இதையும் நிமோனியா என்றுதான் நினைத்தார்கள். 1960-ல் அமெரிக்காவின் சார்லஸ் ஹூஸ்டன், கொலராடோ மலையில் பனிச்சறுக்கு விளையாடப்போய் மூச்சு முட்டிய 21 வயது இளைஞனைப் பற்றி எழுதி, இது நிமோனியாவும் இல்லை, இதயக் கோளாறும் இல்லை, உயரத்தால் நுரையீரலில் நீர் கோப்பது என்று சொல்லியிருந்தார். ஆனால் ஒரு நோயாளி, இரண்டு நோயாளி என்றுதான் மற்ற நாட்டார் பார்த்தார்கள். நம் லே மருத்துவமனையில் வார்டு நிரம்பியது. மேனன் என்ற ராணுவ மருத்துவர் 1965-ல் 101 நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1969-ல் வெளியிட்ட ஆய்வில் 1,925 சிப்பாய்கள், 11,000 அடியிலிருந்து 18,000 அடி வரை. உலகத்தில் அதற்குமுன் இவ்வளவு பெரிய கணக்கு இந்த நோய்க்கு இருந்ததில்லை. இன்று ஆண்டீஸ் மலையிலோ எவரெஸ்ட் அடிவாரத்திலோ ஒரு மருத்துவர் இந்த நோயை அடையாளம் காண்கிறார் என்றால், அந்த அறிவில் நம் சிப்பாய்களின் பங்கு பெரியது. நம் பாடப்புத்தகத்தில் 1962 என்றால் எல்லைக்கோடு மட்டும்தான் வருகிறது. இதையும் ஒரு பத்தி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

அதே 1962-ல்தான் பாதுகாப்புத் துறையின் உடலியல் ஆய்வு நிறுவனமும் தொடங்கியது. தொடங்கிய இடம், உயரத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத நம் சென்னை மருத்துவக் கல்லூரி. பிறகு டெல்லிக்கு மாறியது. பட்ட அடியிலிருந்து ராணுவம் ஓர் அட்டவணையைக் கற்றுக்கொண்டது. 9,000 அடியிலிருந்து 12,000 அடிவரை போகிறவனுக்கு ஆறு நாள். 15,000 வரை போவதென்றால் மேலும் நாலு நாள். அதற்கும் மேலே இன்னொரு நாலு நாள். ஆக மொத்தம் பதினான்கு. ஸ்ரீநகரிலிருந்து லேக்கு நடந்துவந்த பழைய இரண்டு வாரம் வேறு உருவத்தில் திரும்பி வந்துவிட்டது, பார்த்தீர்களா!

எங்கள் அணி கல்லூரியில் காலெடுத்து வைத்த அதே 1974-ல் லடாக் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. ராணுவத்துக்கு அட்டவணை இருந்தது. பயணிக்கு விடுமுறை நாட்கள்தான் அட்டவணை. நேபாளத்தில் எவரெஸ்ட் வழியிலுள்ள ஃபெரிச்சேயில் பீட்டர் ஹாக்கெட் என்ற மருத்துவரும் நண்பர்களும் 278 மலையேற்றக்காரர்களைப் பரிசோதித்து 1976-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 53 பேருக்கு நோய் இருந்தது. பாதி வழி விமானத்தில் வந்தவர்கள், வேகமாக ஏறியவர்கள், வழியில் தங்காதவர்கள் ஆகியோரிடம் அதிகம். இன்னொன்றையும் கண்டார்கள்: இளைஞர்களிடம் அதிகம். மோட்டார் சைக்கிள் தம்பிகள் இந்த வரியை மட்டுமாவது இரண்டு முறை படிக்க வேண்டும். ஜிம்முக்குப் போகும் உடம்பு, மாரத்தான் ஓடும் உடம்பு என்று உயரம் சலுகை காட்டுவதில்லை. பலசாலி வேகமாக ஏறுவான், அதனாலேயே முதலில் மாட்டிக்கொள்வான்.

எங்கள் கூட்டத்திலேயே இது நடந்தது. 2017-ல் நாங்கள் ஏழு பேர் லே போனோம். எல்லோரும் ஓய்வு பெற்ற சமயம். பயண ஏற்பாடு செய்தவர்கள் போட்டுத்தந்த திட்டம் அச்சில் அழகாகத்தான் இருந்தது: முதல் நாள் காலை விமானத்தில் லே, மாலையில் ஊர் சுற்றல், இரண்டாம் நாளே பாங்கோங் ஏரி, இரவு ஏரிக்கரைக் கூடாரத்தில். ஏரியின் உயரம் 4,250 மீட்டர். டெல்லியில் படுத்தெழுந்தவன் இரண்டாம் இரவே அவ்வளவு உயரத்தில் தூங்குவது என்பது ராணுவ அட்டவணைப்படி பார்த்தால் ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துச் செய்ய வேண்டிய காரியம். எங்களில் ஒருவனுக்குக் கல்லூரி நாளில் 'பயில்வான்' என்று பட்டம். கபடி அணித்தலைவனாக இருந்தவன். அறுபதிலும் எங்கள் பெட்டிகளை எல்லாம் அவன்தான் தூக்கினான். லேயில் முதல் இரவே அவனுக்கு மண்டையைப் பிளக்கும் வலி. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு யாரிடமும் மூச்சுவிடவில்லை. மறுநாள் ஏரிக்கரையில் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றான். அவன் சாப்பாடு வேண்டாம் என்றதை நாங்கள் அதற்கு முன் கேட்டதே இல்லை. இரவு இரண்டு மணிக்கு இருமல். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை. குனிந்து கேட்டால் நெஞ்சுக்குள் கொளகொள என்று சத்தம்.

எங்கள் வண்டி ஓட்டிவந்த லடாக்கிப் பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அவன் வந்து டார்ச் அடித்து உதட்டைப் பார்த்தான். "நீச்சே ஜானா ஹை, அபீ" என்றான். கீழே போக வேண்டும், இப்போதே. விடியட்டும் என்று எங்களில் ஒருவர் சொன்னதை அவன் காதிலேயே வாங்கவில்லை. இங்கேதான் இன்னொரு சிக்கல், இது வரைபடத்தைப் பார்த்தால் புரியாது. பாங்கோங்கிலிருந்து லேக்கு 'இறங்கி' வருவதற்கு நடுவில் சாங் லா என்ற 17,500 அடிக்கு மேலான கணவாயில் ஏறி வர வேண்டும். ஏற்கெனவே மூச்சு முட்டுகிறவனை இன்னும் ஆயிரம் மீட்டர் மேலே தூக்கினால் என்ன ஆவது? அந்தப் பையன் வண்டியில் வைத்திருந்த ஆக்சிஜன் உருளையைத் திறந்து முகத்தில் மாட்டிவிட்டு, கணவாய்க்கு இந்தப் பக்கமே கொஞ்சம் தாழ்வாக இருக்கும் தாங்ஸே ஊர் சுகாதார நிலையத்துக்கு இருட்டிலேயே ஓட்டினான். அங்கிருந்த மருத்துவர் விரலில் கருவியை மாட்டிப் பார்த்து, ராணுவத்தார் சுருக்கமாக 'ஹேப்போ' என்று சொல்லும் நுரையீரல் நீர்க்கோப்புதான் என்றார். விடியும்வரை ஆக்சிஜன். பிறகு ஆம்புலன்ஸில், ஆக்சிஜன் நிறுத்தாமல், சாங் லாவைத் தாண்டி லே. நாலு நாள் மருத்துவமனை. அப்புறம் டெல்லி விமானம். டெல்லியில் இறங்கியதும் டீ கேட்டான். அவ்வளவுதான் அந்த நோய். கீழே வந்தால் வந்த சுவடு தெரியாது.

"ஏன்டா முதல் நாளே சொல்லல?" என்று கேட்டேன்.

"ஒருத்தனுக்கு முடியலன்னா ஆறு பேரு டூரும் கெட்டுடும்னு நெனச்சேன்டா" என்றான்.

இது பயில்வான் ஒருவனின் குணம் இல்லை. 1990களின் தொடக்கத்தில் நேபாள மலையேற்றச் சாவுகளை ஆராய்ந்த டேவிட் ஷ்லிம் என்ற மருத்துவர், உயர நோயால் இறந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்பாடு செய்த குழுக்களோடு போனவர்கள் என்று கண்டார். தனியாகப் போகிறவன் தலை வலித்தால் படுத்துக்கொள்வான். குழுவில் போகிறவன் அட்டவணைக்கு அடங்கி எழுந்து நடப்பான். பழைய நண்பர்கள் கூடிப் போகும் பயணத்தில் இந்தக் கூச்சம் இன்னும் பல மடங்கு.

ஆகையால் அணி நண்பர்களுக்குச் சில செய்திகள். லேயில் இறங்கியபின் முதல் இரண்டு முழு நாள் ஊரைவிட்டு நகரக்கூடாது. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பகலில் கணவாய் ஏறி இறங்குவதைவிட இரவில் எங்கே தலை சாய்க்கிறோம் என்பதுதான் முக்கியம். அந்த வகையில் லேயைவிடத் தாழ்வான நுப்ரா நல்ல இடம், சுல்தானுக்கே உதவிய இடம். முதலில் அங்கே போய்விட்டுப் பாங்கோங்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம். இரண்டும் தூக்கத்தில் மூச்சை மட்டுப்படுத்தும். டயமாக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் அசெட்டசோலமைடு மாத்திரை உண்மையிலேயே உதவும். அது ரத்தத்தைச் சற்றே அமிலமாக்கி மூச்சைத் தூண்டுகிறது. ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இருக்கிறோம்; ஆகவே கடையில் வாங்காமல் மருத்துவர் சீட்டோடு வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டால் எவ்வளவு வேகமாகவும் ஏறலாம் என்று அர்த்தம் இல்லை. கற்பூரம் முகர்வது பற்றிப் பலர் கேட்கிறார்கள். மணமாக இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றாது. கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களுக்குத்தான் வரும்.

இதய நோய், ரத்தக்கொதிப்பு, ரத்தசோகை, நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் கிளம்புமுன் தங்கள் மருத்துவரிடம் உயரத்தைக் குறிப்பிட்டுச் சொல்லிக் கேட்க வேண்டும். "வடக்கே ஒரு டூர் போறேன் டாக்டர்" என்றால் அவருக்கு என்ன தெரியும்? சர்க்கரைக்காரர்கள் இன்சுலினை உறையவிடாமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். உறைந்துவிட்டால் அது பயன்படாது. சோறு வேகாது என்றும் புகார் வரும். லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் நம் ஊர்ப் புழுங்கலரிசியை அங்கே பதமாக வடிக்க முடியாது. நூடுல்ஸும் உப்பிட்ட வெண்ணெய்த் தேநீரும் பழகிக்கொள்ளுங்கள்.

தம்பிகளுக்கும் ஒன்று. 2021-ல் உம்லிங் லா என்ற இடத்தில் 19,000 அடிக்கு மேல் சாலை போட்டுவிட்டார்கள். அங்கே போய்ப் படம் எடுத்து வருவதுதான் இப்போது மோகம். போய் வாருங்கள். ஆனால் நேராக நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறவன், சம்பந்தமில்லாமல் பேசுகிறவன், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறவன் — இப்படி ஒருவன் உங்கள் கூட்டத்தில் இருந்தால் அவனை வண்டி ஓட்டவிடக் கூடாது, தனியே தூங்கவும் விடக்கூடாது. அந்த நேரமே கீழே இறக்குங்கள். இறங்க வழி அடைபட்டால் மூட்டை போன்ற ஓர் அழுத்தப் பை உண்டு. உள்ளே படுக்கவைத்துக் காலால் காற்றடித்தால் ஆயிரத்தைந்நூறு மீட்டர் கீழே இறங்கியதற்குச் சமம். 1980களில் அதைச் செய்தவர் இகோர் காமோவ்; பௌதிக மாணவர்கள் அறிந்த ஜார்ஜ் காமோவின் மகன்தான். நம் பாதுகாப்புத் துறை ஆய்வகமும் அதே வேலையைச் செய்யும் பையை உருவாக்கியிருக்கிறது.

கயிலை யாத்திரை விரும்பும் நண்பர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அரசு நடத்தும் யாத்திரை 1981-ல் தொடங்கி, 2020 முதல் ஐந்து ஆண்டு நின்று, 2025-ல் மறுபடி நடந்தது. லிபுலேக் வழியில் போகிறவர்களுக்கு டெல்லியில் ஒரு மருத்துவப் பரிசோதனை, மலைமேல் குஞ்சியில் இன்னொன்று. அங்கே தேறாதவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அழுது பிரயோசனமில்லை.

லேயின் பெரிய அரசு மருத்துவமனைக்குச் சோனம் நோர்பு பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், அதே ஓடுதளம் போட்டவர். பயில்வான் படுத்திருந்ததும் அங்கேதான். ஊர்ச் சந்திப்புக்கான திட்டத்தை நானே போட்டுக் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். பத்து நாள், பாங்கோங் எட்டாம் நாள், இரவு தங்கல் கிடையாது. முதல் இரண்டு நாள் எந்த இடமும் பார்ப்பதாக இல்லை. அந்த இரண்டு நாளைக்குச் சீட்டுக்கட்டு கொண்டுவரும் பொறுப்பைப் பயில்வான் ஏற்றுக்கொண்டிருக்கிறான்.